நூறு நாள் தண்டல் அட்டை முடியப் போகிறது, நான்காவது அட்டை வாங்காமல் இருக்க வழி சொல்லுங்கள்

#1 வைகை_வடகரை

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா குடும்பம் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறது. அக்கா அப்பளக் கம்பெனிக்குப் போகிறாள். மாமா கீழமாசி வீதியில் மூட்டை தூக்குகிறார். பெரியவள் ஒன்பதாவது, சின்னவன் நாலாவது, இரண்டு பேரும் அரசுப் பள்ளி. வாடகை 4,500. நல்ல மாதத்தில் இரண்டு பேர் கூலியும் சேர்ந்து 24,000 வரும். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் அப்பளம் காயாது. காயாவிட்டால் வேலைக்கு வரச் சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டு மாதமும் 15,000 தேறினால் பெரிது.

போன ஐப்பசியில் மாமாவுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. பெரியாஸ்பத்திரியில் வைத்தியத்துக்குக் காசு ஆகவில்லை. ஆனால் பன்னிரண்டு நாள் படுத்துவிட்டார். வாடகையும் அரிசியும் படுக்குமா? தெருவுக்கு வரும் தண்டல்காரரிடம் 10,000 எழுதி, கையில் 9,000 வாங்கினாள். நாளுக்கு 100 வீதம் 100 நாள். அது முடிவதற்குள் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து மார்கழி வாக்கில் இரண்டாவது அட்டை. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்ததில் மூன்றாவது. தையில் இரண்டு வாரம் ஒரே நாளில் மூன்று அட்டைக்கும் சேர்த்து 300 கட்டியிருக்கிறாள். எப்படிக் கட்டினாள் என்று கேட்டால் "கட்டினேன்" என்கிறாள், அவ்வளவுதான்.

இப்போது மூன்றாவது மட்டும்தான் ஓடுகிறது. மஞ்சள் அட்டை, நூறு கட்டம், ஒவ்வொரு கட்டத்திலும் பேனாவில் ஒரு கிறுக்கல். கதவுக்குப் பின்னால் காலண்டர் ஆணியில் தொங்குகிறது. நேற்று எண்ணினேன், 77 கட்டம் முடிந்திருக்கிறது.

இது போக ஒரு ஏலச்சீட்டு. மாதம் 2,000, 20 பேர். ஏழாவது மாதமே 40,000-ல் 9,000 தள்ளி 31,000 எடுத்துவிட்டாள், பெரியவள் சடங்குக்காக. இன்னும் ஐந்து மாதம் கட்ட வேண்டும். உரிமைத் தொகை 1,000 வந்த அன்றே சிலிண்டருக்குப் போய்விடுகிறது.

சிக்கனமாக இருக்கச் சொல்லி மட்டும் யாரும் எழுதாதீர்கள். இலவசப் பேருந்து வரும்வரை இரண்டு வண்டியை விட்டுவிட்டு வெயிலில் நிற்கிறவள் அவள். இந்த அட்டை முடிந்ததும் என்ன செய்யலாம், அதுதான் கேள்வி.

#2 ஓய்வுபெற்ற_தபால்

தம்பி, அஞ்சலகத்தில் தொடர் வைப்புக் கணக்கு ஒன்று போடச் சொல்லுங்கள். ஆர்.டி. என்றால் எல்லோருக்கும் தெரியும். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம், ஐந்து வருடக் கணக்கு. வட்டி 2023 அக்டோபரிலிருந்து 6.7 சதவீதம். ஒரு மாதம் தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய்தான் அபராதம். ஒரு வருடம் பன்னிரண்டு தவணை ஒழுங்காகக் கட்டிவிட்டால், கட்டியதில் பாதி வரை கடன் எடுக்கலாம். அதற்கு வட்டி கணக்கின் வட்டியை விட 2 சதவீதம்தான் கூடுதல். தண்டல் எங்கே, இது எங்கே!

வீட்டுக்கே வந்து வாங்கிப் போகிற பெண் முகவர்கள் பல பகுதிகளில் உண்டு. ஆனால் முப்பத்து நான்கு வருடம் கவுன்டரில் உட்கார்ந்த அனுபவத்தில் சொல்கிறேன், முகவர் அட்டையில் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது அஞ்சலகப் பாஸ்புத்தகத்தில் பதிவு ஏறியிருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும்.

செல்வமகள் கணக்கு பெரியவளுக்கு உண்டா? பத்து வயதுக்குள் தொடங்கியிருக்க வேண்டும்.

#3 வைகை_வடகரை

இல்லை ஐயா, அது கைவிட்டுப் போயிற்று. யாரும் அப்போது சொல்லவில்லை.

#4 மாட்டுத்தாவணி_மல்லி

ஐயா கோவித்துக்கொள்ளக் கூடாது. மாதாமாதம் கட்டு என்று சொல்வது மாதச் சம்பளக்காரர்களுக்குச் சரி. எங்களுக்கு மாதம் என்று ஒன்று கிடையாது, நாள்தான்.

நான் இருபது வருடமாகப் பூ வியாபாரம். தையிலும் ஆவணியிலும் முகூர்த்தம் நெருங்கும்போது கை நிறையக் காசு. ஆடியில் கல்யாணம் இல்லை. மார்கழிப் பனியில் மல்லி வரத்தே சுருங்கிவிடும், விலை ஏறி நிற்கும், முதல் போட ஆள் இருக்காது. ஒரு காலத்தில் நானே காலையில் 900 வாங்கிப் பூ எடுத்து, சாயங்காலம் 1,000 கொடுத்தவள்தான். அதற்கு ரன் வட்டி என்று பெயர். ஓட்டம் முழுக்க நம்முடையது.

உங்கள் அக்காவுக்குச் சேமிக்கத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். 77 நாள் தவறாமல் நூறு ரூபாய் எடுத்து வைத்திருக்கிறாள், அதுவும் தையில் முந்நூறு. இதைவிடப் பெரிய ஆர்.டி. என்ன இருக்கிறது? பணம் போய்ச் சேருகிற இடம்தான் தப்பு. அட்டை முடிகிற அன்றைக்கு அடுத்த நாளே 101-வது கட்டம் என்று ஒன்று வரைந்து, அதே நூறை, அதே நேரத்தில், தனக்கே கட்டச் சொல்லுங்கள். ஒரு வாரம் விட்டால் அந்த நூறு வீட்டுச் செலவில் கரைந்துவிடும். பிறகு தேடினாலும் கிடைக்காது. நான் அப்படித்தான் வெளியே வந்தேன்.

#5 கணக்குப்பிள்ளை

பூக்கார அக்கா சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை, கணக்கை மட்டும் போடுகிறேன்.

9,000 வாங்கி 10,000 கட்டுவது பத்து சதவீதம் மாதிரித் தெரியும். அப்படி இல்லை. முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. ஐம்பதாவது நாளில் கையில் இருக்கிற கடன் ஏறத்தாழப் பாதிதான். நாள் வாரியாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 78 சதவீதம் வட்டி. கையில் 8,500 மட்டும் கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள், அங்கே 120 சதவீதம். அடகுக் கடையில் இரண்டு ரூபாய் வட்டி என்று பயப்படுகிறோமே, அது ஆண்டுக்கு 24 சதவீதம்தான்.

அடுத்தது, உங்கள் அக்காவுக்கு எவ்வளவு வேண்டும்? லட்சம் எல்லாம் வேண்டாம். மழை மாதத்தில் 9,000 பள்ளம், இரண்டு மாதத்துக்கு 18,000. இப்போது பங்குனி. சித்திரையிலிருந்து புரட்டாசி வரை ஆறு மாதம், மாதம் 25 நாள், நாளுக்கு 100 என்றால் 15,000. ஆவணியோடு சீட்டு முடிவதால் புரட்டாசியில் ஒரு 2,000 மிஞ்சும். ஆக 17,000. ஆயிரம்தான் குறைகிறது. மூன்று அட்டைக்கும் கொடுத்த வட்டி 3,000 என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் மாதத்தில் காய்வது அப்பளம் மட்டும் இல்லை என்று அக்காவிடம் சொல்லுங்கள். (சரி, இந்தச் சிலேடை எனக்கே பிடிக்கவில்லை.)

#6 உசிலம்பட்டியான்

எல்லோரும் தண்டல்காரரைத் திட்டுகிறீர்கள். ராத்திரி பத்து மணிக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எந்த வங்கி கதவைத் திறக்கும்? அந்த ஆள் ஆதார் கேட்பதில்லை, ஜாமீன் கேட்பதில்லை. நான் வட்டிக்கு விடுகிறவன் இல்லை, எங்கள் சித்தப்பா விட்டார். அவருக்கும் வராத கடன் நிறைய உண்டு.

இன்னொன்று, செய்முறையைப் பற்றி யாரும் பேசவே இல்லையே? எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு மொய் நோட்டு இருக்கும். அவன் 2,000 எழுதினால் நாம் கூடப் போட்டுத் திருப்பி எழுத வேண்டும். போன ஆவணியில் மட்டும் எனக்குப் பதினொரு பத்திரிகை. கடன் வாங்கித்தான் எழுதினேன். சேமிப்பு என்று பார்த்தால் அதுவும் சேமிப்புதான், ஆனால் நம் வீட்டில் காதுகுத்து வைத்தால்தான் திரும்பி வரும். முதுகு பிடித்தால் வராது.

#7 கணக்குப்பிள்ளை

பங்காளி, பத்து மணிக் காய்ச்சலுக்குத்தானே அந்த 15,000-ஐச் சேர்க்கச் சொல்கிறோம். தண்டல்காரர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை, விலை அதிகம் என்று எழுதினேன். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-லேயே வந்துவிட்டது. ஆனாலும் அவர் தெருவுக்கு வருகிறார் என்றால், அவர் கொடுக்கிற வேகத்தில் வேறு யாரும் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம். அந்த வேகம் நம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மொய் விஷயம் உண்மை. பத்திரிகை வருகிற மாதத்தை முன்கூட்டியே கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் மதுரைக்குத் தெற்கேயும் மேற்கேயும் தேறாது.

#8 தெற்குவாசல்

சீட்டு பற்றி ஒரு எச்சரிக்கை. நாங்கள் தெருவில் தெரிந்தவர், நல்லவர் என்று நம்பி ஒருவரிடம் தீபாவளிச் சீட்டு, ஏலச்சீட்டு இரண்டும் கட்டினோம். பதினாறாவது மாதம் வீடு பூட்டியிருந்தது. அண்டா, பட்டாசு, பலகாரம் எல்லாம் சேர்த்துத் தருவதாகச் சொன்ன தீபாவளிச் சீட்டும் போயிற்று. அந்த வருடம் பிள்ளைகளுக்குத் துணி எடுக்க என் தாலிக்கொடி அடகுக்குப் போனது. கையால் எழுதிய நோட்டுப் புத்தகம் தவிர எங்களிடம் ஒரு ஆதாரமும் இல்லை. நோட்டும் அவர் கையில்தான் இருந்தது என்பது வேறு விஷயம்.

இவருடைய அக்கா முன்னாலேயே சீட்டை எடுத்துவிட்டதால் அவருக்கு இழப்பு வராது, கட்டி முடிப்பதுதான் மரியாதை. அடுத்த சீட்டு சேருவதாக இருந்தால் பதிவு செய்த சீட்டா என்று கேளுங்கள். 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்படி சீட்டுப் பதிவாளரிடம் முன்அனுமதி வாங்கியிருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேட்டால் கொடுக்க வேண்டும். நடத்துகிறவர் எடுக்கும் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. 2021 திருத்தத்துக்கு முன்னால் அது 5 ஆக இருந்தது. நூற்றுக்கு மாதம் பத்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தத் தெருப் பக்கமே போக வேண்டாம்.

நகைச் சீட்டு ஏன் பதினோரு மாதத்தோடு நிற்கிறது தெரியுமா? முன்பணமாக வாங்கிய காசுக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், தாண்டினால் அது வைப்புத்தொகை ஆகிவிடும் என்று 2014 விதி சொல்கிறது. அதனால்தான். பணமாகக் கேட்டால் பெரும்பாலும் தர மாட்டார்கள், நகையாகத்தான் எடுக்க வேண்டும். அவசரத்துக்கு உதவாது.

#9 நெறியாளர்

ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாகச் சொல்லும் ஆப் இணைப்பு போட்ட இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். மறுபடி போட்டால் கணக்கு முடக்கப்படும்.

#10 அழகர்மலை_அடிவாரம்

நான் பதினெட்டு வருடம் களஞ்சியத்தில் இருந்தவள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1990-ல் மதுரை வட்டாரத்தில் தொடங்கிய பெண்கள் சேமிப்புக் குழு இது, பிறகு 1997-லிருந்து தானம் அறக்கட்டளையின் கீழ் வளர்ந்தது. எங்கள் அழகர்கோவில் பக்கத்துச் சின்னப்பிள்ளை அம்மாள் காலைத் தொட்டு 2001-ல் பிரதமர் வாஜ்பாய் வணங்கினாரே, அவர் இந்தக் குழுவிலிருந்து வந்தவர்தான். களத்து வேலைக்குக் கொத்துத் தலைவியாக இருந்தவர். 2019-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் குழுவில் நாங்கள் என்ன செய்தோம் என்பதற்காகச் சொல்கிறேன். கூட்டம் நடக்கிற நாளில் பாயை விரித்து, பணத்தை நடுவில் வைத்து, எல்லோர் கண் முன்னால் எண்ணுவோம். எழுதப் படிக்கத் தெரியாதவளும் எண்ணுவாள். யாருக்குக் கடன் என்பதையும் அங்கேயேதான் முடிவு செய்வோம். "உன் வீட்டுக்காரனுக்கா, உனக்கா?" என்று கேட்போம். கேட்டால் சிலருக்குக் கோபம் வரும். வந்தால் வரட்டும். வட்டி இரண்டு ரூபாய். ஆனால் அந்த வட்டி குழுவுக்கே திரும்பி வரும், வெளியே போகாது. அதுதான் தண்டலுக்கும் எங்களுக்கும் இருக்கிற வித்தியாசம்.

அப்பளக் கம்பெனியில் அக்காவோடு எத்தனை பேர் உட்காருகிறார்கள்? பத்துப் பேர் இருந்தால் போதும். ஆனால் ஒன்று. எல்லோருக்கும் ஒரே மழை. ஐப்பசியில் பத்துப் பேருக்கும் ஒரே நேரத்தில் பணம் வேண்டும். கொத்தனார் வீடு, கடை வீடு, பூக்கட்டுகிற வீடு என்று தொழில் கலந்து ஆள் சேர்த்தால்தான் குழு தாங்கும். எங்கள் குழு விவசாயக் கூலி மட்டுமே இருந்ததால் பஞ்ச வருடத்தில் தவித்துப் போனோம்.

#11 தெற்குவாசல்

அக்கா, ஒரு குறுக்குக் கேள்வி. சுய உதவிக் குழு என்று சொல்லிக்கொண்டு வாராவாரம் வசூலுக்கு வருகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? எங்கள் தெருவில் ஒரே வீட்டில் நாலு கம்பெனிக் கடன் இருக்கிறது.

#12 அழகர்மலை_அடிவாரம்

இல்லை. அது கடன் கம்பெனி. குழு என்ற பெயர் இருக்கும், ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவள் கட்ட வேண்டும் என்று சொல்வார்கள், ஆனால் அங்கே சேமிப்புப் பணம் குழு கையில் இருக்காது.

#13 கணக்குப்பிள்ளை

அதற்கு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலிலிருந்து விதி வைத்திருக்கிறது. ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கும் ஈடில்லாக் கடன்தான் நுண்கடன். அந்த வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வசூலுக்காகக் காலை 9-க்கு முன்னாலும் மாலை 6-க்குப் பின்னாலும் போன் போட்டுத் தொந்தரவு செய்யக் கூடாது. நாலு கடன் இருக்கிற அந்த வீட்டுக்கு இதைக் காட்டுங்கள்.

#14 ஓய்வுபெற்ற_தபால்

அம்மா மல்லி, நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். நாள்காசை மாதக் கணக்காக மாற்றுவதுதான் கஷ்டம். அப்படியானால் இரண்டாகப் பிரியுங்கள். தினம் ஒதுக்கும் நூறில் வாரத்துக்கு ஒருமுறை எடுத்துத் தெருமுனை வங்கி மித்ரா கடையில் (வங்கிக்காகப் பணம் வாங்கிப் போடுகிற முகவர் கடை) ரேகை வைத்து ஜன்தன் கணக்கில் போடட்டும். அதில் குறைந்தபட்ச இருப்பு என்று எதுவும் இல்லை. மாதம் நான்கு தடவை கட்டணம் இல்லாமல் எடுக்கலாம். ரசீதுச் சீட்டு வாங்காமல் கடையை விட்டு இறங்கக் கூடாது. ஆர்.டி.யை 200-ல் வைத்தால் போதும், அது பெரியவள் கல்லூரிக்கு. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்து மேலே படிக்கப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். சின்னவனுக்கும் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. பெயர் எடுக்காமல் பள்ளியில் வைத்திருப்பதே பெரிய சேமிப்பு.

கடைசியாக, அந்த ஜன்தன் கணக்கில் மே மாதம் 456 ரூபாய் இருக்கட்டும். 20 ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாய் ஆயுள் காப்பீடு, இரண்டும் தலா 2 லட்சம். மாமா மூட்டை தூக்குகிறவர், முதலில் அவருக்கு. வயது ஐம்பதுக்குள்தானே? மே கடைசியில் கணக்கில் பணம் இல்லாமல் காப்பீடு விட்டுப்போன எத்தனையோ வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் இறந்து நாலாம் நாள் பாஸ்புத்தகத்தோடு ஒரு பெண் வந்தார். முந்தைய மே மாதம் 436 கழித்த பதிவைத் தேடினோம், இல்லை. இருப்பு 310 ரூபாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை, புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

#15 வைகை_வடகரை

மாமாவுக்கு 42. உடனே பார்க்கிறேன் ஐயா. நல வாரியத்தில் மாமா பதிந்திருக்கிறாரா என்று கேட்டேன், "அட்டை எங்கேயோ இருந்தது" என்றார். சுமை தூக்குகிறவர்களுக்கு உடல் உழைப்புத் தொழிலாளர் நல வாரியம் உண்டு, பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகையும் அதில் உண்டு. அதையும் தேடிக் கண்டுபிடித்துப் புதுப்பிக்க வேண்டும்.

#16 வைகை_வடகரை (23 நாள் கழித்து)

அட்டை முடிந்தது.

முந்தாநாள் சாயங்காலம் தண்டல்காரர் கடைசிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஒழுங்காகக் கட்டுகிற வீடு, அடுத்து 15 தரவா?" என்று கேட்டிருக்கிறார். திருவிழாக் கூட்டத்துக்கு ஊரிலிருந்து ஆள் வந்திருக்கிறார்கள், மாமா ஒரு நிமிடம் அக்கா முகத்தைப் பார்த்திருக்கிறார். அக்கா, "வேண்டாம்ண்ணே, மழைக்கு முன்னால் பார்ப்போம்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ஒரேயடியாக மறுத்து விரோதம் பண்ணிக்கொள்ள வேண்டாம் என்று நினைத்தாளாம்.

பழைய அட்டையைத் திருப்பி, பின்பக்கம் ஸ்கேல் வைத்துப் பெரியவள் கட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறாள். 101-லிருந்து எண். நேற்று ஒன்று, இன்று ஒன்று. கையெழுத்துப் போடுவது சின்னவன். பணம் வாங்காமல் போட மாட்டேன் என்கிறானாம்.

வங்கி மித்ரா கடைக்குச் சனிக்கிழமை போகிறோம். காப்பீட்டுப் படிவம் கொடுத்தாயிற்று. குழுவுக்கு இதுவரை ஆறு பேர், அதில் ஒருவர் மட்டும்தான் அப்பளம் இல்லாதவர், இட்லிக்கடை.

ஒரு சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, கூலி கிடையாது. அன்றைக்குக் கட்டத்தைக் காலியாக விடலாமா?

#17 மாட்டுத்தாவணி_மல்லி

தண்டல்காரர் விட்டாரா?

#18 வைகை_வடகரை

விடவில்லை அக்கா. சனிக்கிழமையே இரண்டாகக் கட்டச் சொல்வார்.

#19 மாட்டுத்தாவணி_மல்லி

நாம் விடலாம். கணக்குப்பிள்ளை தம்பி மாதத்துக்கு 25 நாள்தான் போட்டிருக்கிறார். சின்னவனிடம் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவான். இட்லிக்கடைக்காரம்மாவை விடாதீர்கள், மழையில் இட்லி நன்றாக ஓடும்.